ஜப்பானிய மொழியில் கஷ்டம் எங்கே இருக்கிறது?

ஜப்பானிய மொழியில் ஞாயிற்றுக்கிழமைக்கு நிச்சியோபி என்று பெயர். எழுத மூன்று எழுத்துகள் போதும், அதிலும் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒன்றேதான். நிமிர்ந்து நிற்கும் ஒரு செவ்வகம், நடுவே குறுக்காக ஒரு கோடு, அவ்வளவுதான் அதன் உருவம். சூரியன் என்றும் நாள் என்றும் பொருள். முதல் இடத்தில் அதை 'நிச்சி' என்று வாசிக்க வேண்டும், கடைசி இடத்தில் அதையே 'பி' என்று வாசிக்க வேண்டும். ஒரே சொல்லுக்குள்! மாதத்தின் முதல் தேதியை எழுதும்போது 'ஒன்று' என்ற எழுத்தின் பக்கத்தில் இதே செவ்வகம் வந்து நிற்கும், அப்போது இரண்டையும் சேர்த்து 'ட்சுயிதாச்சி' என்று படிக்க வேண்டும், இதில் எந்த எழுத்து எந்த ஒலியைத் தருகிறது என்று பிரித்துக் காட்டவே முடியாது.

இதைக் கேட்டுவிட்டு 'ஐயோ, வேண்டாம்' என்று ஒதுங்கிவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது வருத்தமாக இருக்கும். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்றுத்தரும்போது ஜப்பானியத்துக்கு 2,200 மணி நேர வகுப்பு ஒதுக்குகிறது, மிகக் கடினமான வரிசையில் வைக்கிறது. ஆனால் அது ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்களுக்கான கணக்கு. தமிழ் பேசுகிறவருக்குக் கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது.

இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: 'வதாஷி வா கினோ மிசே தே ஹோன் ஓ காய்மாஷ்தா.' வதாஷி என்றால் நான், கினோ நேற்று, மிசே கடை, தே 'இல்', ஹோன் புத்தகம், ஓ 'ஐ', காய்மாஷ்தா வாங்கினேன். நான் நேற்று கடையில் புத்தகத்தை வாங்கினேன். ஒரு சொல்லைக்கூட இடம் மாற்ற வேண்டியதில்லை. பேச்சு யாரைப் பற்றியது என்று காட்டும் அந்த 'வா' மட்டும்தான் நமக்குப் புதிது. வாங்கினேன், வாங்கினாள், வாங்கினார்கள் என்ற வேறுபாடும் அங்கே கிடையாது, எல்லாவற்றுக்கும் காய்மாஷ்தாதான். இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் 'தபேதே மிரு' என்று வரும். தபேதே சாப்பிட்டு, மிரு பார். சாப்பிட்டுப் பார்! 'யோன்தே ஓகு' என்றால் படித்து வை. ஆங்கிலக்காரர்கள் தனிப் பாடமாக உட்கார்ந்து மனப்பாடம் செய்கிற இந்தத் துணைவினைகள் எல்லாம் நாம் பால்குடி வயதிலிருந்து கேட்டவை.

இந்த ஒற்றுமையை வைத்து சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய மொழியியலாளர் இரண்டு மொழிகளும் உறவு என்றே வாதிட்டார். பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கவில்லை. கொரிய மொழியிலும் துருக்கியிலும்கூடச் சொற்கள் இப்படித்தான் வரிசையாக நிற்கும், அதனால் இதை மட்டும் வைத்து உறவு சொல்ல முடியாது. படிக்கிறவருக்கு உதவி என்ற அளவில் எடுத்துக்கொண்டால் போதும்.

உறுதியான ஒரு தொடர்பு வேறு இடத்தில் இருக்கிறது. ஹிராகானா, கதாகானா என்று இரண்டு ஒலியெழுத்து வரிசைகள், ஒவ்வொன்றிலும் அடிப்படையாக 46 எழுத்துகள். உயிர் ஒலிகள் அ, இ, உ, எ, ஒ. பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. பௌத்தத் துறவிகள் சமஸ்கிருத எழுத்தைக் கற்றபோது கூடவே வந்த இந்திய வரிசை இது. அந்த 'ஹ' பழைய காலத்தில் 'ப' என்று ஒலித்தது என்கிறார்கள் மொழியியலாளர்கள். அந்த இடத்தில் ப-வை வைத்துவிட்டு, நம் அகர வரிசையில் அவர்களிடம் இல்லாதவற்றை விட்டுவிட்டுச் சொல்லிப் பாருங்கள். க, ச, த, ந, ப, ம, ய, ர, வ. முதல் தடவை இது பிடிபட்டபோது எனக்குப் புல்லரித்துவிட்டது.

உச்சரிப்பிலும் பாதி நமக்குச் சுலபம். ஒபசான் என்றால் அத்தை, சித்தி வயதுப் பெண்மணி, அதே 'ப'வை 'பா' என்று நீட்டினால் பாட்டி. கிதே என்றால் வா, கித்தே என்றால் தபால்தலை. புளிக்கும் புள்ளிக்கும் வித்தியாசம் தெரிந்த காதுக்கு இது பெரிய வேலையே இல்லை. சிக்கல் இன்னொரு பக்கம். தங்கத்துக்கு 'கின்', வெள்ளிக்கும் தமிழில் எழுதினால் 'கின்'தான், ஆனால் இரண்டாவதில் 'கங்கை' என்று சொல்லும்போது முதலில் வருகிற அழுத்தமான க. நம் எழுத்து அதைக் காட்டாது, ஜப்பானியர்கள் எழுத்தின் தலைமாட்டில் இரண்டு சின்னக் கோடு போட்டுக் காட்டுவார்கள். சொல்லின் நடுவில் ஒற்றைக் ககரம் வந்தால் நம் வாய் தானாக மெலிந்துவிடும், அதனால் தக்காளி மாதிரி இருக்கும் ஒரு பழத்தின் பெயரைச் சொல்லப்போய் சாவி என்று சொல்லிவிடுவோம். இதைத் தொடக்கத்திலேயே திருத்திக்கொள்ள வேண்டும்.

சரி, தொடக்கத்தில் பார்த்த அந்தச் செவ்வகம் போன்ற எழுத்துகளுக்கு, அதாவது காஞ்சிக்கு வருவோம். சீனாவிலிருந்து வந்த எழுத்துகள். ஒரே எழுத்துக்கு ஏன் இத்தனை வாசிப்பு? நம் ஊரிலேயே வைத்துப் பார்க்கலாம். தண்ணீருக்கு ஒரே ஒரு படம்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படத்துக்குப் பின்னால் 'வீழ்ச்சி' என்று இருந்தால் 'நீர்' என்று படிக்க வேண்டும், 'தோஷம்' என்று இருந்தால் 'ஜல' என்று படிக்க வேண்டும், 'டேங்க்' என்று இருந்தால் 'வாட்டர்'. நம் மொழியில் அடுக்கடுக்காக வந்து சேர்ந்த சொற்கள் எல்லாம் ஒரே படத்தின் மேல் ஏறி உட்கார்ந்தால் எப்படி இருக்கும், அதுதான் காஞ்சி. 5, 6ஆம் நூற்றாண்டுகளில் ஓர் உச்சரிப்பு வந்தது, பிறகு சீனாவின் தாங் வம்சத் தலைநகரிலிருந்து இன்னொன்று, அதற்கும் பிறகு மற்றொன்று. புதியது வந்தது என்று பழையதை யாரும் தூக்கிப் போடவில்லை. 'போ' என்று பொருள்படும் எழுத்து, வங்கி என்ற சொல்லில் 'கோ', மக்கள் நிற்கும் வரிசையில் 'கியோ', பழங்கால விளக்கு ஒன்றின் பெயரில் 'ஆன்', அவர்களுடைய சொந்தச் சொல்லான 'இகு'வில் 'இ'.

அன்றாடப் பயன்பாட்டுக்கென்று அரசு 2010இல் வெளியிட்ட பட்டியலில் 2,136 எழுத்துகள். அதில் 1,026 எழுத்துகளை ஆறாம் வகுப்பு முடிவதற்குள் அங்குள்ள பிள்ளைகள் கற்கிறார்கள். எல்லாமே தனித்தனிப் படம் என்று நினைத்து மனப்பாடம் செய்தால் கை ஓய்ந்துவிடும். பெரும்பாலானவை இரண்டு துண்டுகளை ஒட்டிச் செய்தவை, ஒன்று பொருளுக்கு, மற்றது ஒலிக்கு. நீலத்தைக் குறிக்கும் எழுத்தின் ஒலி 'செய்'. அதன் இடப்பக்கம் நீர் சேர்ந்தால் தெளிவு, சூரியன் சேர்ந்தால் மேகமில்லாத வானம், பேச்சு சேர்ந்தால் வேண்டுகோள். மூன்றுக்குமே 'செய்' என்ற ஒலி உண்டு. அதனால் எழுத்தைத் தனியாக எடுத்து அதன் வாசிப்புகளை எல்லாம் ஒப்பிப்பதைவிட, சொல்லாகவே கற்பதுதான் சரி என்பேன். 'ஜல' என்பதைத் தனியாக யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லையே, ஜலதோஷம் பிடித்தபோதுதானே தெரிந்தது.

இத்தனை சிரமத்துக்கு, ஒலியெழுத்திலேயே எல்லாவற்றையும் எழுதிவிடலாமே என்று தோன்றும். 'நிவா நிவா நிவா நிவாதோரி கா இரு' என்று ஒரு வாக்கியம் உண்டு, முற்றத்தில் இரண்டு கோழிகள் இருக்கின்றன என்று அர்த்தம். (கடைசியில் வரும் 'இரு'வுக்கு இருக்கிறது என்றே பொருள்.) ஜப்பானியத்தில் சொற்களுக்கு நடுவே இடைவெளி விடும் வழக்கம் இல்லை, காஞ்சி கலந்தால்தான் ஒரு சொல் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குப் படும். ஒரே ஒலியில் பல சொற்கள் வேறு. 'ஷிரிட்சு' என்றால் தனியார் நடத்துவது, மாநகராட்சி நடத்துவதும் ஷிரிட்சுதான். பேசும்போது குழப்பம் வந்தால் வேண்டுமென்றே வேறு வாசிப்பில் 'இச்சிரிட்சு', 'வதாக்குஷிரிட்சு' என்று மாற்றிச் சொல்லிப் புரியவைப்பார்கள், அதாவது பேச்சுக்கு நடுவிலும் எழுத்து மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

கையால் எழுதுவது இப்போது அவர்களுக்கே தடுமாறுகிறது. 1978இல் தோஷிபா நிறுவனம் முதல் ஜப்பானியச் சொல்செயலியைக் கொண்டுவந்தது, விலை 63 லட்சம் யென். ஒலியைத் தட்டினால் அதுவே காஞ்சியாக மாற்றித் தரும். இன்று அந்த வேலையை எல்லார் கையிலும் இருக்கும் போன் செய்கிறது, பார்த்தால் அடையாளம் தெரிகிற எழுத்தைப் பேனாவால் எழுத வருவதில்லை. சென்னையிலும் நடக்கும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் கையால் எழுதுவதும் இல்லை, பேசிக் காட்டுவதும் இல்லை. படிப்பதும் கேட்பதும்தான்.

ஆனால் ஜப்பானிய நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே போன் அடிக்கும். வெளி நிறுவனத்துக்காரர் நம் மேலாளரைக் கேட்பார். நாமாக இருந்தால் 'சார் வெளியே போயிருக்காருங்க' என்போம், மரியாதை சாருக்குப் போகும். அங்கே வெளியாளிடம் பேசும்போது நம் மேலாளரும் 'நம்மவர்', ஆகவே அவர் பெயரோடு மரியாதைக்குச் சேர்க்கும் 'சான்' வரக் கூடாது, 'இல்லை' என்பதையும் தாழ்த்திச் சொல்லும் வடிவத்தில், 'ஒரிமாசேன்' என்று சொல்ல வேண்டும். போனை வைத்துவிட்டுப் பக்கத்து இருக்கைக்காரரிடம் அதே மேலாளரைப் பற்றிக் கேட்கும்போது, உயர்த்திச் சொல்லும் 'இராஷ்ஷாய்மாஸ்' வாயில் வந்தாக வேண்டும்.