பின்னூட்டமா, குறிப்புரையா?

தமிழாசிரியர்களுக்கான பயிற்சி ஒன்றில் 'பின்னூட்டம்' என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ண ஆரம்பித்தேன். மதியத்துக்குள் முப்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். 'மாணவர் எழுத்துக்குப் பின்னூட்டம் வழங்குதல்' என்பதுதான் அன்றைய தலைப்பு. பக்கத்தில் இருந்த ஆசிரியை, "சாப்பாட்டுக்கு அப்புறம் தருவாங்களா சார்?" என்றார்.

இதன் ஆங்கில மூலமான ஃபீட்பேக் முதலில் பொறியியல் சொல். மின்பெருக்கியிலிருந்து வெளிவருவதில் ஒரு பங்கை மறுபடி உள்ளே செலுத்துவது. திருவிழாவில் மைக்கை ஒலிபெருக்கிப் பக்கம் கொண்டுபோனால் 'கீச்' என்று அலறுகிறதே, அதுதான். அமெரிக்கக் கணிதவியலாளர் நார்பர்ட் வீனர் 1948இல் எழுதிய சைபர்னெட்டிக்ஸ் நூல் இதை இயந்திரத்துக்கும் உயிருக்கும் பொதுவாக்கியது. பிறகு வகுப்பறைக்கும் வந்தது.

தமிழில் ஃபீடுக்கு ஊட்டம், பேக்குக்குப் பின் என்று ஒட்டிவிட்டார்கள். ஊட்டத்தோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. சிக்கல் 'பின்'னில்தான். ஆங்கிலத்தில் அது 'திரும்ப'. தமிழில் இப்படி முன்னால் ஒட்டும்போது அது 'பிறகு', 'கடைசியில்' ஆகிவிடுகிறது. பின்னுரை, பின்குறிப்பு, பின்னிணைப்பு எல்லாமே வேலை முடிந்தபின் வருபவை. வலைப்பதிவுக்காரர்கள் பதிவின் அடியில் வந்த கருத்துகளைப் பின்னூட்டம் என்றது பொருந்தத்தான் செய்தது. அவை உண்மையிலேயே பின்னால் வந்தவை.

கட்டுரை நோட்டுக்கு அது ஆகாது. இந்தச் சொல்லைக் கேட்கும் ஆசிரியர், மதிப்பெண் போட்டபின் கடைசிப் பக்கத்தில் 'நன்று', 'கையெழுத்தைத் திருத்திக்கொள்' என்று எழுதுவதைத்தான் நினைத்துக்கொள்கிறார். பிள்ளை அதைப் படித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறான். எழுதியது திரும்ப உள்ளே போகவே இல்லை! முதலில் எழுதியதற்கும் திருத்தி எழுதுவதற்கும் நடுவில் வந்தால்தான் அது ஃபீட்பேக்.

மறுமொழி என்கிறார்கள் சிலர். பையன் எதுவும் கேட்கவில்லையே, மறுமொழி எதற்கு? திருத்தம் என்றால் சிவப்பு மையும் ஒற்றுப்பிழையும்தான் நினைவுக்கு வருகின்றன. கருத்து என்பது டீக்கடையிலும் கிடைக்கும்.

குறிப்புரை போதும். பதவுரை, பொழிப்புரை, குறிப்புரை என்று நமக்குப் பழகிய வரிசையில் இருக்கும் சொல். நூலின் இன்ன இடத்தில் இன்னது என்று சுருக்கமாகச் சுட்டுவது. 'திரும்ப' என்ற பொருள் அதில் இல்லைதான். நோட்டைத் திருப்பிக் கொடுத்து மறுபடி எழுதச் சொன்னால் அது வந்துவிடும்.

குறிப்புரையில் என்ன எழுதுவது என்றால், நன்னூல் பாயிரத்தில் பவணந்தி முனிவர் பத்துக் குற்றங்களை அடுக்கி வைத்திருக்கிறார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல்... ஆரம்பத்தில் ஆரவாரமாகக் கிளம்பி முடிவில் இளைத்துப்போகும் கட்டுரைக்கு இந்தக் கடைசிப் பெயரை மிஞ்ச எது இருக்கிறது? இதைப் பாடமாகவே நடத்தும் நாம்தான் மாணவன் எழுத்தைப் பேச அயல் ஊர்ச் சொல்லை இரண்டாக உடைத்து ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

அதே பயிற்சியில் 'மாணவர்கள் முதல் வரைவை முடிக்க வேண்டும்' என்றும் வந்தது. அகத்திணையில் வரைவு என்றால் திருமணம். தலைவனை மணம் முடிக்கத் தூண்டும் 'வரைவு கடாதல்' துறையைப் பாடமாக நடத்துபவர்கள் நிறைந்த அறையில் அதைச் சொன்னால் சிரிப்பு வராதா? முதற்படி என்று சொல்லிவிட்டுப் போகலாம். மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைத் திறக்குமுன் ஒரு தமிழ் வகுப்பில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் தேவலை.

போன மாதம் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் 'எங்கள் பாட்டி ஊர்' என்று எழுதியிருந்தான். நாலு பத்தியில் மூன்று பத்தி, பேருந்து நடத்துநரைப் பற்றி. ஓரத்தில் 'மற்றொன்று விரித்தல்' என்று எழுதி, பொருளையும் சொல்லி அனுப்பினேன். அந்த மூன்றையும் வெட்டிவிடுவான் என்று நினைத்தேன். பாட்டி பத்தியை எடுத்துவிட்டு, 'கண்டக்டர்' என்று தலைப்பை மாற்றிக்கொண்டு வந்தான்.