பாம்பன் பாலத்தில் கண்ணாடியைத் திருப்பிப் பாருங்கள்

காலை எட்டரை, ஒன்பது மணிவாக்கில் பாம்பன் சாலைப் பாலத்தில் நின்று, சூரியன் இருக்கும் பக்கமாகக் கடலைப் பாருங்கள். கண் கூசும். போலராய்டு கண்ணாடி போட்டால் கூச்சம் அடங்கும். அதையே கழற்றிக் கால் சுற்று திருப்பிப் பிடித்தால் கூச்சம் திரும்ப வந்துவிடும். நீரில் ஏறக்குறைய 53 டிகிரியில் பட்டுத் தெறிக்கும் ஒளி ஒரே தளத்தில் அதிர்கிறது, போலராய்டு அந்தத் தளத்தைத் தடுக்கிறது. ஒளி இப்படி ஒரே தளத்தில் அதிர்வதுதான் தளவிளைவு.

சூரியனின் காந்தப்புலத்தை அளக்கவும் இதுவே கருவி. கரும்புள்ளிகளில் புலம் ஆயிரக்கணக்கான காஸ் (காந்தப்புலத்தின் அலகு); ஒளியை நிறம் பிரித்தால் தெரியும் நிறமாலைக் கோடு காந்தப்புலத்தால் பிளவுபடுவதை வைத்து 1908-ல் அமெரிக்க வானியலாளர் ஹேல் அதைக் கண்டார். சூரியனின் ஒளிரும் பரப்புக்கு மேலுள்ள அடுக்கான நிறமண்டலத்தில் பெரும்பாலும் சில பத்து காஸ்தான். புறஊதாக் கோடுகளில் அந்தப் பிளவு கோட்டின் அகலத்துக்குள்ளேயே அமுங்கிவிடும். அங்கே கைகொடுப்பது ஹான்லே விளைவு: அணுக்கள் சிதறடிக்கும் ஒளியின் தளவிளைவைக் காந்தப்புலம் குறைக்கும், அதன் திசையையும் திருப்பும்.

இந்தப் புறஊதா ஒளியை ஓசோனும் காற்றும் விழுங்கிவிடுவதால் ராக்கெட்தான் வழி. 2015 செப்டம்பர் 3-ல் அமெரிக்காவிலிருந்து ராக்கெட்டில் ஏவிய கிளாஸ்ப் என்ற கருவி, ஹைட்ரஜனின் 121.6 நானோமீட்டர் கோட்டைச் சுமார் ஐந்து நிமிடம் பார்த்தது. 2019-ல் இரண்டாவது ராக்கெட், 280 நானோமீட்டரை ஒட்டிய மெக்னீசியக் கோடுகளைப் பார்த்தது.

சாதாரணக் கண்ணாடி 121.6-ஐ விடாது, அதனால் ஒளி அதிரும் தளத்தைத் திருப்ப மெக்னீசியம் ஃப்ளோரைடு தகடு. தகடு சுழலச் சுழலக் கேமரா படம் எடுக்கும். படங்களைக் கூட்டிக் கழித்தால் தளவிளைவு கிடைக்கும். 0.1 சதவீதத்தைப் பிடிக்கக் குறைந்தது 10 லட்சம் ஒளித்துகள் சேர வேண்டும். கருவி குறிபார்க்கும் இடம் லேசாக அசைந்தாலும் பொய்த் தளவிளைவு தோன்றும். ஆகவே ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு தளங்களையும் ஒரே நேரத்தில் பதிய வேண்டும். கருவியே உண்டாக்கும் பிழையைப் பிடிக்க சூரிய வட்டத்தின் நடுவைப் பார்ப்பார்கள். சமச்சீரால் அங்கே விடை சராசரியில் பூஜ்யம்தான். எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் மோசம்: கண்ணாடியில் மெல்லிய படலம் படிந்தாலே புறஊதா ஒளி மங்கிப்போகும்.

நம் ஆதித்யா எல்-1-ன் சூட் தொலைநோக்கி 200 முதல் 400 நானோமீட்டர் வரை படம் எடுக்கிறது, ஆனால் தளவிளைவை அளக்காது.

கடற்கரையில் விற்கும் போலராய்டை வைத்துச் சூரியனைப் பார்க்காதீர்கள். தளவிளைவு வேறு, புறஊதாத் தடுப்பு வேறு. இரண்டு போலராய்டைக் குறுக்காக வைத்தால் இருட்டாகத் தெரியும், ஆனால் அகச்சிவப்பு உள்ளே நுழைந்து விழித்திரையைச் சுடும், வலியே தெரியாது. 2010 ஜனவரி 15-ல் தனுஷ்கோடியில் கங்கண கிரகணம் பார்க்கக் கூட்டம் திரண்டது. 2027 ஆகஸ்ட் 2 மாலை பகுதி கிரகணம் வருகிறது. ஐஎஸ்ஓ 12312-2 முத்திரையுள்ள கிரகணக் கண்ணாடி வாங்குங்கள். கிடைக்காவிட்டால் அட்டையில் ஊசித்துளை போட்டு, நிழலில் விழும் பிம்பத்தைப் பாருங்கள்.