அம்புக்கு இறக்கை ஒட்டுவது

வில்வித்தை பயிலும் பிள்ளை வீட்டுக்கு வந்து “வேன் கழன்றுவிட்டது” என்றால், பெற்றோர் பள்ளி வேனைத்தான் நினைப்பார்கள். “நாக்கை மாற்றணும்” என்றால் இன்னும் மோசம். இரண்டுமே அம்பின் பின்பக்கத்துச் சமாச்சாரம். வேன் என்பது அம்பின் வால்பகுதியில் ஒட்டியிருக்கும் மெல்லிய தகடு. நாக் என்பது நாணில் கவ்விப் பிடிக்கும், நடுவே பிளவுள்ள சிறு பிளாஸ்டிக் துண்டு. ஆங்கிலத்தில் வண்டிக்கும் தகட்டுக்கும் எழுத்துக்கூட்டல் வேறு, ஒலிப்பும் வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே ‘வேன்’ ஆகிவிடுகிறது. இந்தக் குழப்பம் தீரவாவது நமக்கு ஒரு நல்ல தமிழ்ச்சொல் தேவைப்படுகிறது.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். வில்வித்தைக் களங்களில் இரண்டு சொற்கள் புழங்குகின்றன: ஃப்ளெட்சிங், வேன். அம்பின் பின்னால் இருக்கும் மூன்று (சில நேரம் நான்கு) தகடுகளையும் சேர்த்து ஃப்ளெட்சிங் என்பார்கள். அவற்றை ஒட்டும் வேலைக்கும் அதே பெயர்தான். அவற்றில் தனித்தனி ஒவ்வொன்றும் வேன். பறவை இறகாக இருந்தால் ‘ஃபெதர்’ என்பதும், பிளாஸ்டிக்காக இருந்தால் மட்டும் ‘வேன்’ என்பதும் வழக்கம்.

இவை செய்யும் வேலை என்ன? போட்டிகளில் பயன்படும் ரிகர்வ் (நுனிகள் முன்பக்கம் வளைந்த) வில்லிலிருந்து அம்பு விநாடிக்கு ஏறத்தாழ 60 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. கிளம்பும் கணத்தில் அது நேராக இருப்பதில்லை. விரல்கள் நாணை விடும்போது தண்டு வளைந்து, நெளிந்துகொண்டேதான் போகிறது. முனையில் எடை, பின்னால் காற்றைத் தடுக்கும் தகடுகள் என்று இருந்தால் காற்று பின்பகுதியைப் பிடித்து இழுத்து அம்பை அதன் பாதைக்கு நேராகத் திருப்புகிறது. பட்டத்துக்கு வால் கட்டுவதும் இதற்குத்தான். தகடுகளைச் சற்றே சாய்த்து ஒட்டினால் அம்பு தன் அச்சில் சுழலவும் செய்யும். அப்போது முனையிலோ தண்டிலோ இருக்கும் சிறு கோணல், அம்பை ஒரே பக்கமாகத் தள்ளாமல் எல்லாப் பக்கமும் பரவிச் சமன்படும். வில்லைச் சரிசெய்யும் வீரர்கள் வேண்டுமென்றே இறக்கை இல்லாத அம்பை எய்து பார்ப்பதுண்டு. அந்த மொட்டை அம்பு இறக்கையுள்ள அம்புகளை விட்டு எவ்வளவு விலகிப் போய்க் குத்துகிறது என்பதை வைத்து வில்லின் குறையைக் கண்டுபிடிப்பார்கள். இறக்கை இருந்தால் அந்தக் குறையை அது மறைத்துவிடும்.

இனிச் சொல்லின் பிறப்பு. ஃப்ளெட்சிங் என்ற ஆங்கிலச் சொல்லுக்குள் இறகே கிடையாது என்பதுதான் வேடிக்கை. பிரெஞ்சில் ‘ஃப்ளெஷ்’ என்றால் அம்பு. அதிலிருந்து வந்த ‘ஃப்ளெட்சர்’ என்றால் அம்பு செய்பவர். தண்டு சீவுவது, முனை பொருத்துவது, இறகு கட்டுவது எல்லாம் அவர் வேலைதான். லண்டனில் வில் செய்பவர்களும் அம்பு செய்பவர்களும் 1371-இல் தனித்தனிச் சங்கங்களாகப் பிரிந்தார்கள். இன்று ஆங்கிலேயரிடம் ஃப்ளெட்சர் என்பது சாதாரணக் குடும்பப்பெயர், அவர்களில் முக்கால்வாசிப் பேர் அம்பைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். தொழிலாளியின் பெயரிலிருந்து பின்னாளில் வினைச்சொல் பிறந்தது. அது காலப்போக்கில் சுருங்கி, இறகு ஒட்டுவதை மட்டும் குறிக்கத் தொடங்கியது.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் இறகு என்பது அரசாங்கக் கவலை. நீள்வில் வீரர்களை நம்பிப் போருக்குப் போன ஐந்தாம் ஹென்றி, 1417-இல் ஒவ்வொரு வாத்திலிருந்தும் ஆறு சிறகிறகுகளை எடுத்துத் தரும்படி மாவட்ட அதிகாரிகளுக்கு ஆணையிட்டார். (வாத்து என்றால் நம் ஊர்க் குளத்து வாத்து அல்ல, நீண்ட கழுத்துப் பெருவாத்து.) 1545-இல் மூழ்கி 1982-இல் கடலிலிருந்து தூக்கப்பட்ட மேரி ரோஸ் போர்க்கப்பலில் ஆயிரக்கணக்கான அம்புகள் கிடைத்தன. இறகுகள் மக்கிப் போயிருந்தாலும், அவற்றை ஒட்டிய பசையின் தடமும் மேலே சுற்றிய நூலின் தடமும் தண்டில் மிஞ்சியிருந்தன. பசையில் செம்பு கலந்திருந்தது. இறகைப் பூச்சி அரிக்காமலிருக்க அப்படிச் சேர்த்திருப்பார்கள் என்கிறார்கள்.

‘வேன்’ வேறு குடும்பத்துச் சொல். பழைய ஆங்கிலத்தில் ‘ஃபானா’ என்றால் கொடி. ஜெர்மனில் இன்றும் ‘ஃபானே’ என்றால் கொடிதான். கூரைமேல் நின்று காற்றின் திசை காட்டும் கருவிக்கு முதலில் இந்தப் பெயர் வந்தது, பிறகு காற்றில் நிற்கும் எல்லாத் தகட்டுக்கும் பரவியது. பறவையியலிலும் இறகின் நடுத்தண்டுக்கு இருபுறமும் விரியும் தட்டையான பகுதிக்கு இதே பெயர். அதற்கான இலத்தீன் கலைச்சொல்லான ‘வெக்ஸில்லம்’ என்பதற்கும் கொடி என்றே பொருள். ஆக, அம்பின் பிளாஸ்டிக் தகடு ஆங்கிலக்காரருக்குக் கொடி.

பிரெஞ்சுக்காரர்களோ நேராக இறகையே பிடித்துக்கொண்டார்கள். அம்புக்கு இறகு வைப்பதை அவர்கள் ‘ஆம்பென்னாஜ்’ என்கிறார்கள், உள்ளே இருப்பது இறகைக் குறிக்கும் ‘பென்’. விமானம் வந்தபோது அதன் வால்பகுதிக்கும் அந்தச் சொல்லையே வைத்தார்கள், ஆங்கிலமும் அதைக் கடன் வாங்கிக்கொண்டது. ஆகாய விமானத்தின் வாலில் அம்பின் இறகு ஒளிந்திருக்கிறது.

நம் பக்கம் வருவோம். வடமொழியில் ‘பத்ர’ என்றால் இலை, இறகு. இறகுடையது என்ற பொருளில் ‘பத்ரி’ என்பது பறவைக்கும் பெயர், அம்புக்கும் பெயர். கழுகு, பருந்து போன்ற பறவையின் இறகு கட்டிய அம்பைக் ‘கங்கபத்திரம்’ என்று தமிழ் அகராதிகளும் எடுத்துக்கொண்டன. சார்பதிவாளர் அலுவலகத்தில் நாம் பதிவு செய்கிற பத்திரமும் இதே பத்திரம்தான். இலையில் எழுதிய காலத்தின் மிச்சம். அதனாலேயே இன்றைய அம்புக்கு அந்தச் சொல்லை மீட்டெடுக்க முடியாது. “பத்திரம் பிய்ந்துவிட்டது” என்றால் வில்வித்தைத் திடலிலும் வக்கீலைத்தான் கூப்பிடுவார்கள். கழுகிறகையே கட்டிப் பார்க்கலாம் என்று யாரும் கிளம்பவும் வேண்டாம். 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இன்று கடைகளில் கிடைக்கும் இயற்கை இறகு பெரும்பாலும் வான்கோழியுடையது.

தமிழில் மூன்று சொற்கள் கைவசம் இருக்கின்றன: இறகு, சிறகு, இறக்கை. பேச்சில் இவை ஒன்றுக்கொன்று மாறி வந்தாலும் நுட்பமாகப் பார்த்தால் வேறுபாடு உண்டு. இறகு என்பது உதிர்ந்து விழும் ஒற்றைத் தூவி. சிறகு, பறவை விரித்துப் பறக்கும் முழு உறுப்பு. இறக்கையும் முதலில் அந்த உறுப்புதான், ஆனால் நம் மக்கள் அதை வெகுதூரம் கொண்டுபோய்விட்டார்கள். மின்விசிறிக்கு இறக்கை, காற்றாலைக்கு இறக்கை. காற்றோடு மோதி வேலை செய்கிற தகடு எதுவாக இருந்தாலும் எலக்ட்ரீசியனும் பாட்டியும் ஒரே குரலில் சொல்லும் சொல் அது. பிளாஸ்டிக் தகட்டுக்கு இதைவிடப் பொருத்தமாக எதைத் தேடுவது?

ஆகவே என் பரிந்துரை இது. வான்கோழியிடமிருந்து வந்தது இறகு. பிளாஸ்டிக்கில் செய்தது இறக்கை. ஃப்ளெட்சிங் என்னும் வேலைக்கு ‘இறக்கை ஒட்டுதல்’. நூல் சுற்றி வைக்கும் மரபு அம்புக்கு ‘இறகு கட்டுதல்’. ‘சமநிலைத் தகடு’, ‘நிலைப்படுத்தி’ என்றெல்லாம் ஆக்கிப் பார்க்கலாம்தான், ஆனால் அவை தேர்வுத்தாளில் மட்டும் உயிர் வாழும் சொற்கள். தவிர, வில்லில் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிக்கு ஏற்கெனவே அந்த வகைப் பெயர் இருப்பதால் குழப்பம் இரட்டிப்பாகும். நாக் என்பதற்கு ‘குதை’ என்ற பழஞ்சொல் இருக்கிறது. வில்லின் நுனியில் நாண் மாட்டும் வெட்டுக்கும் அம்பின் அடிப்பிளவுக்கும் இரண்டுக்கும் அது பொருந்தும். மூன்று இறக்கைகளில் வேறு நிறத்தில் இருக்கும் ஒன்றை ஆங்கிலத்தில் சேவல் என்றும் மற்ற இரண்டையும் பெட்டை என்றும் சொல்வது பழைய வழக்கம். நமக்குத் ‘தனியிறக்கை’ போதும்.

இந்தச் சொற்கள் வேலைக்கு ஆகின்றனவா என்று, ஒரு பழைய இறக்கையை மாற்றும்போது பார்த்துவிடலாம். அம்பு வைக்கோல் இலக்கைத் துளைத்துக்கொண்டு போனாலோ, பக்கத்து அம்பை உரசினாலோ இறக்கை பிய்ந்துபோகும். புதியதை ஒட்டுமுன் கார்பன் தண்டை இரு கையாலும் மெல்ல வளைத்துக் காதருகே வைத்துக் கேட்க வேண்டும். நறநறவென்று சத்தம் வந்தால் தண்டில் விரிசல் இருக்கிறது என்று பொருள், அந்த அம்பைக் குப்பையில் போடுவதே உத்தமம். விரிசலோடு எய்தால் நாண் விடும்போது உடைந்து சிதறிக் கையில் ஏறலாம். தண்டு நன்றாக இருந்தால், பழைய இறக்கையையும் பசையையும் மழுங்கிய விளிம்பால் நீளவாக்கில் சுரண்டி எடுக்க வேண்டும். கூரான பிளேடு கார்பன் இழையைக் கீறிவிடும். பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துக் காயவிட வேண்டும். அதற்குமேல் விரலால் தொடக் கூடாது. விரலிலிருக்கும் எண்ணெய்ப்பசையே போதும், இரண்டு நாளில் இறக்கை கையோடு வந்துவிடும்.

ஒட்டுவதற்கு ‘ஜிக்’ என்ற பிடிகருவி இருக்கிறது. தண்டை அதில் நிறுத்தி, இறக்கையைக் கவ்வியில் பிடித்து, அடிப்பகுதியில் மயிரிழை போலப் பசையைத் தடவி அழுத்த வேண்டும். ஒன்று முடிந்ததும் தண்டை 120 பாகை திருப்பினால் அடுத்தது. முதலில் ஒட்டுவது தனியிறக்கை, அது குதையின் பிளவுக்குச் செங்குத்தாக நிற்கும். இறக்கையின் பின்முனைக்கும் குதைக்கும் நடுவே ஏறக்குறைய ஓர் அங்குலம் விட வேண்டும், இல்லாவிட்டால் நாணைப் பிடிக்கும் விரல் அதில் இடிக்கும். நம்மூரில் பலரும் பயன்படுத்துவது சயனோஅக்ரிலேட் உடனடிப் பசை. அது காற்றின் ஈரத்தால்தான் இறுகுகிறது. சென்னை மாதிரி கடற்கரை ஊரில் நினைத்ததைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், சுற்றிலும் வெள்ளை வெள்ளையாகப் பூத்தும் விடும். அதிகம் தடவினால் வலு கூடும் என்பது பொய், பிதுங்கி வழிந்து காய்ந்த பசை வெறும் சுமைதான். கடைசியில் இறக்கையின் முன்முனையில் மட்டும் ஒரு பொட்டு வைக்க வேண்டும். இலக்கில் நுழையும்போது முதலில் மாட்டுவது அந்த முனை.

ஒட்டும் கோணத்துக்கும் தமிழ் தயாராகவே இருக்கிறது. தண்டோடு ஒத்துப் போனால் நேர், ஓரிரு பாகை விலகினால் சாய்வு, தண்டைத் தழுவி வளைந்து போனால் முறுக்கு. பறவை இறகில் இயல்பாகவே வளைவு உண்டு. எனவே ஓர் அம்புக்கு வேண்டிய மூன்று இறகும் ஒரே பக்கச் சிறகிலிருந்து வந்திருக்க வேண்டும். எய்பவருக்குப் பின்னாலிருந்து பார்த்தால் வலச்சிறகு இறகு அம்பை வலஞ்சுழியாகவும் இடச்சிறகு இறகு இடஞ்சுழியாகவும் சுழற்றும். கலந்து கட்டினால் ஒன்று இழுக்க ஒன்று தடுக்கும். இறகுக்கு இன்னொரு குணம், வில்லின் உடம்பில் பட்டால் மடங்கி வழிவிடும்; பிளாஸ்டிக் முட்டித் திரும்பும். மரவில்லின் தோள்மேல் வைத்து எய்பவர்கள் இன்றும் இறகை விடாததற்குக் காரணம் அதுதான். மழையில் நனைந்தால் இறகு படுத்துவிடும் என்பது வேறு விஷயம். போட்டிக்குப் போகிறவர்கள் மாற்றும்போது நிறத்தையும் கவனிக்க வேண்டும், ஒரு சுற்றில் எய்யும் அம்புகள் எல்லாம் ஒரே மாதிரி இறக்கையும் குதையும் கொண்டிருக்க வேண்டும் என்பது விதி.

வேலை முடிந்ததும் அம்பின் முனையைக் கட்டைவிரல் நகத்தில் நிறுத்திச் சுழற்றிப் பார்ப்பார்கள். கோணல் இருந்தால் நகத்தில் அதிர்வு தெரியும். இந்தச் சோதனைக்கு உறவான காட்சி ஒன்று குறுந்தொகையின் 16-ஆம் பாட்டிலேயே இருக்கிறது. பாலை பாடிய பெருங்கடுங்கோ பாடியது:

“கள்வர்
பொன்புனை பகழி செப்பங் கொண்மார்
உகிர்நுதி புரட்டும் ஓசை போலச்
செங்காற் பல்லி தன்துணை பயிரும்”

வழிப்பறிக் கள்வர்கள் அம்பைச் செப்பம் செய்ய அதை நகநுனியில் வைத்துப் புரட்டுகிறார்கள். அந்தச் சன்னமான ஒலிபோலப் பல்லி தன் துணையைக் கூப்பிடுகிறதாம். அம்பு செய்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்காத ஒருவருக்கு இந்த உவமை வாய்த்திருக்காது. செப்பம் என்ற சொல்லையும் பாருங்கள். நேராக்குவது, சீராக்குவது இரண்டும் அதில் அடக்கம். ‘ட்யூனிங்’ என்று இன்று சொல்வதற்கு ‘செப்பம் பார்த்தல்’ என்று தாராளமாகச் சொல்லலாம்.

மிஞ்சுவது இரண்டு சொற்கள். ஜிக்கை ஜிக் என்றே விட்டுவிடலாம். லேத்துப் பட்டறைகளில் அந்தச் சொல் எப்போதோ தமிழாகிவிட்டது. இன்னொன்று, வெளிக்களத்தில் 70 மீட்டர் எய்யும் ரிகர்வ் வீரர்கள் பலர் ஒட்டும் ‘ஸ்பின் விங்’. சுருண்ட மெல்லிய பிளாஸ்டிக் சுருள் அது, பசைக்குப் பதில் இருபக்க டேப்பில் ஒட்டி, இரு முனையிலும் மெல்லிய டேப் சுற்றுவார்கள். அதிலும் வலம், இடம் உண்டு. சுழலிறக்கை என்பது எழுதவும் பேசவும் நன்றாகவே இருக்கிறது. கடையில் வாங்கும்போது மட்டும் ஸ்பின் விங் என்றே கேளுங்கள், இல்லாவிட்டால் டேபிள் ஃபேன் இறக்கையை எடுத்து நீட்டிவிடுவார்கள்.