வெறும் பானையின் மேல் நெருப்பு விட்டுச்செல்லும் தடம்

பொங்கலுக்கு முந்தைய நாள்களில் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் அடுக்கிவைக்கப்படும் பானைகளில், வண்ணம் தீட்டாத ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். அலங்காரத்தை விலக்கி, வடிவத்தையும் மண்ணையும் மட்டுமே நம்பும் மினிமலிச மட்பாண்டக் கலைக்கு வேண்டிய அனைத்தும் அதில் இருக்கின்றன.

அடிப்பாகம் உருண்டிருப்பது அழகுக்காக மட்டுமன்று. அடுப்பில் சூடேறும் அடிமண் விரிய, பக்கச் சுவர் அந்த அளவுக்கு விரியாதபோது உண்டாகும் இழுவிசை, மூலை இருந்தால் அங்கே குவிந்து விரிசலாகும். வளைவில் அது பரவித் தணிகிறது.

நிறமும் பூசப்பட்டதன்று. சூளையில் காற்று தாராளமாகப் புகுந்தால் களிமண்ணிலுள்ள இரும்பு ஆக்ஸிஜனுடன் சேர்ந்து செந்நிறம் தருகிறது. காற்றை அடைத்துப் புகையை நிறுத்தினால் அதே மண் கருக்கிறது. வெப்பம் ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸை எட்டுவதற்குள், களிமண்ணின் கட்டமைப்பிலேயே பிணைந்திருந்த நீர் வெளியேறிவிடுவதால், அது மீண்டும் சேறாகக் குழையாது. வீட்டுப் பானைகள் பெரும்பாலும் 1,000 டிகிரிக்குக் கீழேயே சுடப்படுவதால் நுண்துளைகள் அடைபடாமல் எஞ்சுகின்றன. அவற்றின் வழியே கசியும் நீர், ஒரு லிட்டர் ஆவியாவதற்குச் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்வதால், பானைத் தண்ணீர் குளிர்கிறது. ஈரப்பதம் மிகுந்த சிங்கப்பூர்க் காற்றில் ஆவியாதல் மெதுவாக நடப்பதால், மதுரைக் கோடையில் கிடைக்கும் குளிர்ச்சி இங்கே கிடைப்பதில்லை.

சிங்கப்பூரின் ஜாலான் பஹார் பகுதியில் 1940இல் கட்டப்பட்ட தாவ் குவாங் டிராகன் சூளை, அதாவது சரிவில் நீண்டு ஏறும் சீனப் பாணிச் சூளை, இன்னும் வியப்பூட்டுவது. ரப்பர் பால் சேகரிக்கும் கிண்ணங்களைச் சுட்ட இந்த விறகுச் சூளை, இன்று கலைஞர்களின் படைப்புகளைச் சுடுகிறது. விறகுச் சாம்பல் தீயோடு பறந்து பாண்டங்களின் தோளில் படிகிறது. அதிலுள்ள கால்சியமும் பொட்டாசியமும், தனித்திருந்தால் 1,700 டிகிரிக்கு மேல்தான் உருகும் சிலிக்கா என்னும் மணற்பொருளை, 1,200 டிகிரிக்குச் சற்று மேலேயே இளகச் செய்கின்றன. ஆறியபின் அது கண்ணாடிப் படலமாக இறுகுகிறது. இங்கே தூரிகைக்கு வேலையே இல்லை. இத்தகைய மேற்பரப்பின் மேல் வேறு வண்ணம் பூசுவது, என் பார்வையில், எழுதிய ஏட்டை மறைப்பதற்குச் சமம். நெருப்பைப் பார்த்திருந்த பக்கத்தில் சாம்பல், பச்சையும் பழுப்புமாக வழிந்திருக்க, அதே சாடியின் மறுபக்கம் சாம்பல் அதிகம் படாமல் மண்ணின் சொரசொரப்போடே நிற்கிறது.