எபிகிராஃப்: கதையின் நெற்றியில் ஒரு கவிதை வரி

சில சிறுகதைகளில் தலைப்புக்கும் முதல் பத்திக்கும் நடுவே யாரோ ஒரு கவிஞரின் இரண்டு வரி தனியாக நிற்கும். அதுதான் எபிகிராஃப். கிரேக்கத்தில் 'எபி' என்றால் மேல், 'கிராஃபெயின்' என்றால் எழுதுதல். முதலில் அது கல்லின் மேல் பொறித்த எழுத்தைக் குறித்தது. கல்வெட்டியலை இன்றும் எபிகிராஃபி என்கிறோம். அதற்காகக் கதையின் முகப்பு வரியைக் 'கல்வெட்டு' ஆக்கிவிட வேண்டாம்!

நான் 'முகப்பு மேற்கோள்' என்று எழுதுகிறேன். 'மேற்கொள்' என்ற வினையில் 'கொள்' நீண்டு 'கோள்' ஆனதுதான் மேற்கோள். நன்னூல் பாயிரத்தில் "வேறுநூல் செய்தும் எனும் மேற்கோள்" என்று வரும். அங்கே அதற்கு, ஒன்றைச் செய்வதாக மேற்கொண்ட துணிவு என்று பொருள். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பாட்டே பழைய சூத்திரங்களை ஏன் அப்படியே எடுத்தாள்கிறோம் என்பதைச் சொல்வதுதான். முன்னோரின் பொருளை மட்டுமல்ல, மொழியையும் "பொன்னேபோல் போற்றுவம்" என்கிறது.

கதைக்காரர்களுக்கு அவ்வளவு பயபக்தி கிடையாது. அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போவின் 'அஷர் மாளிகையின் வீழ்ச்சி' 1839-இல் வந்தபோது அதில் முகப்பு மேற்கோள் இல்லை. 1845-இல் தொகுப்பில் சேர்த்தபோதுதான் பிரெஞ்சுக் கவிஞர் பெராஞ்ஜேயின் வரிகளை வைத்தார்: நெஞ்சம் ஒரு தொங்கும் யாழ், தொட்டதும் அதிரும். மூலத்தில் அது "என் நெஞ்சம்". போ அதை "அவன் நெஞ்சம்" என்று மாற்றிவிட்டார். (கோள் என்பதற்குப் புறங்கூறல் என்றும் பொருள் உண்டு, இங்கே அதுவும் பொருந்தும்.) கவிஞர் தன்னைப் பற்றிப் பாடியது, ஒரே சொல்லில் கதையில் வரும் மாளிகைக்காரன் ராடரிக் அஷரைப் பற்றியதாகிவிட்டது. அவனுக்கோ புலன்கள் எல்லாம் அளவுமீறிக் கூர்மை. நரம்புக் கருவிகளின் சில ஒலிகளைத் தவிர வேறெந்தச் சத்தமும் திகிலூட்டும். கதையை முடித்துவிட்டு மேலே திரும்பிப் பார்த்தால், தொங்கும் யாழ் வெறும் உவமையாகத் தெரிவதில்லை.

அப்புறம், கதைக்குள் ராடரிக் கிட்டாரோடு பாடும் 'பேய் பிடித்த மாளிகை' என்ற பாட்டும் இருக்கிறது. அதை முகப்பு மேற்கோள் கணக்கில் சேர்க்க முடியாது. இடம் கதையின் நடு, பாடுவது பாத்திரம். வரிகளும் இரவல் இல்லை. அதே ஆண்டு சில மாதங்களுக்கு முன் போ தனிக் கவிதையாக வெளியிட்ட சொந்தச் சரக்கு.