ரிமாண்டில் இருக்கும் மனம்: முதல் 14 நாள்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்தில் ஒருவர் கைதானால், மறுநாள் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்து ஆள் கணக்கெடுப்புக்கு, ஆள் கூடுவதற்குள் சேதி தொழிலாளர் குடியிருப்பான லயம் முழுக்கப் பரவிவிடும். என்ன கேஸ், யாரோடு பிடிபட்டான், வக்கீலுக்கு எவ்வளவு ஆகும் என்று ஊரே கணக்குப் போடும். லோக்காப் எனும் போலீஸ் காவலறையில், கைதிக்குத் தரும் ஊதாச் சட்டையோடு உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. கடிகாரமும் கைப்பேசியும் வாங்கி வைக்கப்பட்டிருக்கும். விளக்கு இரவிலும் எரியும். மணி என்ன என்பதுகூட ஊகம்தான்.

இந்தத் 'தெரியாமை'தான் மனதை முதலில் உடைக்கிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஒரு சோதனையில் 45 பேர் கணினி விளையாட்டு ஒன்றை ஆடினார்கள். பாறையைப் புரட்டினால் அடியில் பாம்பு இருக்குமா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் வலிக்கும் அளவுக்கு மின்னதிர்ச்சி. வியர்வையையும் கண்மணி விரிவதையும் அளந்து பார்த்தார்கள். அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்த நேரத்தில் பதற்றம் குறைவாகவே இருந்தது. 'வரலாம், வராமலும் போகலாம்' என்று சரிபாதி வாய்ப்பு இருந்த நேரத்தில்தான் அது உச்சத்துக்குப் போனது.

காரணம் எளிது. மூளை எப்போதும் அடுத்த நொடிக்குத் தயாராகிக்கொண்டே இருக்கும். வலி உறுதி என்றால் அதற்கேற்பத் தன்னைத் திடப்படுத்திக்கொள்ளும். உறுதியில்லை என்றால் எச்சரிக்கை மணியை அணைக்கவே அணைக்காது. பதற்ற ஹார்மோனான கார்டிசோல் ஏறியபடியே இருக்கும், நெஞ்சு படபடக்கும், பசி போகும். குற்றவாளியும் இல்லை, விடுதலையும் இல்லை என்று ரிமாண்டில், அதாவது விசாரணைக் காவலில், இருப்பவர் நாள்கணக்கில் அந்தச் சரிபாதியில்தான் கிடக்கிறார். அதனால் அவருக்கு ஒரு தேதியைச் சொல்வதும் மருத்துவம்தான். இதை நாங்கள் உவமையாகச் சொல்லவில்லை.

சொல்வதற்குத் தேதிகளும் இருக்கின்றன. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 5-ஆவது விதி. பயண நேரம் அதில் சேராது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 117-ஆவது பிரிவுப்படி, 14 ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றமானால் முதலில் 4 நாள் வரையும் பிறகு 3 நாள் வரையும் ரிமாண்ட் கொடுக்கலாம். அதற்கு மேற்பட்ட குற்றமானால் 7 நாள், மறுபடி 7 நாள். பாதுகாப்புக் குற்றங்களுக்கான சோஸ்மா சட்டம் வேறு கணக்கு, அதில் 28 நாள் வரை போகும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28A பிரிவின்படி, உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்ல முயலும் உரிமை கைதானவருக்கு உண்டு. ஒய்.பி.ஜி.கே. எனப்படும் தேசிய சட்ட உதவி அறவாரியம் கைது, ரிமாண்ட், ஜாமீன் கட்டங்களில் குடிமக்களுக்கு இலவசமாக வழக்கறிஞரைத் தருகிறது. சிவப்பு ஐ.சி. வைத்திருக்கும் நிரந்தரவாசிகள் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை நாடலாம்.

வழக்கறிஞர் உள்ளே போகும்போது குடும்பம் நான்கு சேதியைச் சொல்லி அனுப்ப வேண்டும். ரிமாண்ட் எந்தத் தேதியில் முடிகிறது, அடுத்து யார் வந்து பார்ப்பார்கள், பிள்ளைகள் யாரிடம் இருக்கிறார்கள், வேலையிடத்தில் யாரிடம் என்ன சொல்லியிருக்கிறது. 'தைரியமா இரு' என்பதைவிட 'சின்னவ அத்தை வீட்ல இருக்கா, பள்ளிக்கூடம் போறா' என்பது அதிகம் வேலை செய்யும். உறுதியாகத் தெரியாததைச் சொல்ல வேண்டாம். 'நாளைக்கே வெளிய வந்துருவ' என்று சொல்லி, மறுநாள் ரிமாண்ட் நீண்டால், விழும் பள்ளம் இரு மடங்கு ஆழம்.

அடுத்தது தூக்கம். விளக்கு வெளிச்சம் தூக்க ஹார்மோனான மெலடோனின் சுரப்பைத் தடுக்கிறது. சிமெண்டுத் தரையும் பக்கத்து அறைச் சத்தமும் மிச்சத்தைக் கெடுக்கின்றன. தூங்காத மூளை உணர்ச்சியை அடக்க முடியாமல் திணறும், எதிர்காலத்தை எடைபோடவும் முடியாது. 2016-இல் அமெரிக்காவில் 88 பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்றில், செய்யாத தவறைச் செய்ததாகக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். தூங்கியவர்களில் 18 விழுக்காட்டினரும் இரவு முழுக்கக் கண்விழித்தவர்களில் 50 விழுக்காட்டினரும் போட்டார்கள். தூக்கம் கெட்டால் மனநலத்தோடு வழக்கும் சேர்ந்து கெடுகிறது. உள்ளே இருப்பவரால் முடிந்தது கொஞ்சம்தான்: சட்டை நுனியாலோ முழங்கையாலோ கண்ணை மூடிப் படுப்பது, பகலில் அறைக்குள்ளேயே நடப்பது, நான்கு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடுவது. வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும். ஐந்து நிமிடம் போதும்.

தோட்டப் பக்கத்தில் மிகவும் கவனிக்க வேண்டியது சம்சு எனும் மலிவு மது. தினமும் குடிப்பவரின் மூளை, பிரேக்கை மிதித்தபடியே ஓடிப் பழகிய லாரி மாதிரி. மது பிரேக்கை அழுத்திக்கொண்டே இருப்பதால், வண்டி நகர மூளை ஆக்சிலேட்டரைக் கூட்டி வைத்திருக்கும். கைதான இரவோடு குடி நின்றதும் பிரேக் மட்டும் விடுபடுகிறது. 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, குமட்டல் தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்கு டெலிரியம் ட்ரெமன்ஸ் எனும் கடும் மனக்குழப்பம் வரும்.

அது எப்படி இருக்கும்? வெள்ளி இரவு பிடிபட்டவர் ஞாயிறு இரவு கையை ஓயாமல் தட்டிவிட்டுக்கொண்டிருப்பார். எறும்பு ஊருது என்பார். சுவரில் ஆள் நிற்கிறான் என்று கை காட்டுவார். உடம்பு கொதிக்கும், இடம் பெயர் தெரியாது. கூட இருப்பவர்கள் பேய் என்பார்கள், காவலில் இருப்பவர் நடிப்பு என்பார். இரண்டும் இல்லை. இது உயிரைக் குடிக்கும் அவசர நிலை. பனடோலும் தண்ணீரும் இதற்கு மருந்தல்ல. மருத்துவமனையில் டையாசிபம் போன்ற மருந்தைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். பி1 வைட்டமினான தியாமினும் கொடுப்பார்கள். அது இல்லாவிட்டால் நினைவாற்றல் நிரந்தரமாகப் போகும் அபாயம் உண்டு. ஆகவே கைதான முதல் நாளே குடும்பம் ஐ.ஓ.விடம், அதாவது விசாரணை அதிகாரியிடம், மூன்றைச் சொல்லியாக வேண்டும்: ஒரு நாளைக்கு எத்தனை போத்தல், கடைசியாக எப்போது, முன்பு வலிப்பு வந்ததுண்டா. வெட்கப்பட்டு 'எப்பவாவது குடிப்பாரு' என்று மழுப்பினால் அந்த எச்சரிக்கை வீணாகும்.

சியாபு எனும் மெத்தம்பெட்டமின் போதைப்பொருள் நேர்மாறானது. நிறுத்தியதும் ஆள் ஒன்றிரண்டு நாள் அடித்துப்போட்ட மாதிரி தூங்குவார். எழுந்ததும் மனம் கறுத்துக் கிடக்கும். சத்தம் போடாததால் 'நல்ல பிள்ளை' என்று விட்டுவிடுவார்கள். அந்த அமைதியைத்தான் கண்காணிக்க வேண்டும்.

தினசரி மருந்து திடீரென நின்றாலும் இதே கதை. வலிப்பு மருந்து நின்றால் வலிப்பு வரும், மன அழுத்த மருந்து நின்றால் சில நாள்களில் தலைசுற்றலும் எரிச்சலும் வரும், ஹெராயினுக்கு மாற்றாகத் தரும் மெத்தடோன் நின்றால் உடல்வலியும் வாந்தியும் வரும். மருந்தைப் பிரித்துப் பொட்டலம் கட்டிக் கொண்டு போகாதீர்கள். பெயர், அளவு ஒட்டிய உறையோடும், கவர்மென் கிளினிக் அப்பாயிண்ட்மென் கார்டோடும் கொடுங்கள். வாங்கிக்கொண்டதை எழுதித் தரச் சொல்லுங்கள். வீட்டு மருந்தை ஏற்கவில்லை என்றால், மருத்துவமனைக்குக் கொண்டுபோகும்படி கேளுங்கள். ரிமாண்ட் விசாரணையில் மாஜிஸ்திரேட்டிடமும் வழக்கறிஞர் வழியாக அதைச் சொல்லலாம்.

மொழியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நம்மவர்கள் 'மனம் சரியில்லை' என்று பெரும்பாலும் சொல்வதில்லை. 'நெஞ்சு பாரமா இருக்கு', 'வயித்தப் பிசையுது', 'தலை கிறுகிறுங்குது' என்பார்கள். மலாயில் மாற்றும்போது அது வெறும் நெஞ்சுவலி, வயிற்றுவலி ஆகிவிடுகிறது. 'செத்துடலாம் போல இருக்கு' என்பதைப் பேச்சுவழக்கு என்று தள்ளிவிடுகிறார்கள். தள்ளக் கூடாது. நேராகவே கேட்க வேண்டும்: 'உயிரை விட்டுடலாம்னு நினைப்பு வருதா? எப்பலேருந்து? முன்னாடி முயற்சி பண்ணதுண்டா?' கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. சந்திப்பின்போது 'இனிமே என்னால உங்களுக்குப் பாரமில்ல', 'பிள்ளைங்கள பாத்துக்கோ' என்ற சொல் வந்தாலோ, பல நாள் அழுதவர் திடீரென நிம்மதியாகிவிட்டாலோ, அன்றே அதிகாரியிடம் சொல்லுங்கள்.

தனியறையில் வைப்பது, முன்பு தற்கொலைக்கு முயன்றிருப்பது, தீர்ப்பு வராத ரிமாண்ட் நிலை, பார்க்க யாரும் வராதது ஆகிய எல்லாமே சிறைத் தற்கொலை அபாயத்தோடு சேர்ந்து வருவதைப் பல நாட்டு ஆய்வுகள் ஒரே மாதிரி காட்டுகின்றன. 'பாதுகாப்புக்காக' தனியாக அடைப்பது எதிர்விளைவைத்தான் தரும். அபாயம் உள்ளவரை 15 நிமிடத்துக்கு மிகாமல், முன்கூட்டியே கணிக்க முடியாதபடி நேரம் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். நிலைமை கடுமை என்றால் கண் எடுக்காமல் பார்க்க வேண்டும். கேமரா படம் பிடிக்கும், பேச்சுக் கொடுக்காது. மானத்துக்குப் பயந்து குடும்பம் போகாமலிருப்பதும் இந்தப் பட்டியலில் சேரும். போவதற்கு அத்தனை பேரும் வேண்டாம், ஒருவர் தவறாமல் போனால் போதும்.

'தஞ்சோங் ரம்புத்தான்' என்பது இங்கே இன்னும் வசவுச் சொல்லாக இருப்பது வருத்தம். அங்குள்ள உலு கிந்தா பஹாகியா மனநல மருத்துவமனை 1911 முதல் இயங்குகிறது. குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புத்தி பேதலித்திருக்கிறதா என்ற ஐயம் எழுந்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 342-ஆவது பிரிவின்கீழ் நீதிமன்றமே அவரை மனநல மருத்துவமனைக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்லலாம். அது தண்டனை இல்லை.

நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்படும் நாள் இன்னொரு மேடு. ஜாமீன் 5,000 ரிங்கிட் என்றால், 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தில் அது மூன்று மாத உழைப்பு. பணம் புரளாவிட்டால் லோக்காப்பிலிருந்து சிறைக்குப் போவார், போதைப்பொருள் கேஸில் ரசாயன அறிக்கை வரும் வரை மென்ஷன் எனும் வழக்கு மறு அழைப்புத் தேதிகள் தள்ளிப்போகும். அந்த இரவு அபாயம் மறுபடி ஏறும் என்பதை முன்கூட்டியே சிறை அதிகாரியிடம் சொல்லி வையுங்கள். பெண்கள், நோயாளிகள், 16 வயதுக்கு உட்பட்டவர்கள் ஆகியோருக்கு ஜாமீன் மறுக்கத்தக்க குற்றத்திலும் விலக்குக் கேட்க அதே சட்டத்தின் 388-ஆவது பிரிவு இடம் தருகிறது. மருத்துவக் கார்டு அங்கேயும் பயன்படும்.

வெளியே காத்திருப்பவர்களும் தூக்கமில்லாமல்தான் இருப்பார்கள். சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555, தாலியான் காசே 15999, பிஃப்ரெண்டர்ஸ் 03-76272929. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவை நாடாளுமன்றம் 2023-இல் நீக்கிவிட்டது. கூப்பிட்டால் கேஸாகுமோ என்று பயப்பட வேண்டியதில்லை.

ஹெராயின் பழக்கம் உள்ளவர் விடுதலையாகி வந்தால் முதல் இரண்டு வாரம் மிக ஆபத்தானது. சில வாரம் விட்டிருந்ததில் உடல் பழைய தாங்குதிறனை இழந்திருக்கும். முன்பு எடுத்த அதே அளவு இப்போது மூச்சை நிறுத்திவிடும். இதை வீட்டுக்கு வந்த அன்றே அவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள், மறுநாள் காலை அவரோடு கிளினிக்குக்குப் போய் மெத்தடோன் பதிவைப் புதுப்பித்துவிடுங்கள்.