ஒரு பக்கற் தூளின் அடக்கவிலை என்ன?

யாழ்ப்பாணத்தில் சிறு உற்பத்தி செய்பவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் யோசிக்காமலே பதில் வரும். அந்த வேகம்தான் எனக்குப் பயம். கறித்தூள், ஒடியல் மா, நெல்லிக் கிறஷ், மோர்மிளகாய் என்று எதைச் செய்தாலும், மூலப்பொருள் வாங்கிய பில்லைக் கிலோவால் பிரித்து, அதன்மேல் கொஞ்சம் வைத்து விலை சொல்லிவிடுகிறார்கள். சாமான் நன்றாக ஓடும். ஆனால் வருடக் கணக்கு எழுத உட்காரும்போது வங்கியில் காசு இருக்காது. கணக்காளராக நான் அதிகம் கேட்கும் வசனம், "வியாபாரம் நல்லாத்தானே போனது, காசு எங்க போச்சு?" என்பதுதான்.

கோப்பாய்ப் பக்கம் வீட்டோடு தூள் செய்யும் ஓர் அக்காவின் கணக்கைச் சொல்கிறேன். ஆளைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கவும், படிக்க இலகுவாக இருக்கவும் எண்களை மாற்றியிருக்கிறேன். செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், மஞ்சள் எல்லாம் சேர்த்து 10 கிலோ, விலை 15,000 ரூபா. ஆகவே கிலோ 1,500. 250 கிராம் பக்கற் 375. அதில் 75 ரூபா வைத்து 450க்குக் கடைக்குக் கொடுக்கிறார். "பக்கற்றுக்கு 75 ரூபா மிச்சம் தம்பி" என்றார்.

அரைத்து வந்த தூளை எப்போதாவது நிறுத்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். இல்லை. அடுத்த முறை நிறுத்தார். 10 கிலோ போனது, 8.5 கிலோ வந்தது. இதில் திருட்டு ஒன்றும் இல்லை. செத்தலின் காம்பு போகிறது, மல்லியில் தும்பும் மண்ணும் போகின்றன, மில்லுக்குள் கொஞ்சம் ஒட்டிக்கொள்கிறது. எல்லாவற்றையும் விட, வெயிலிலும் வறுக்கும் சட்டியிலும் ஈரம் போகிறது. போவது தண்ணீர்தான், ஆனால் அந்தத் தண்ணீரையும் செத்தல் விலைக்குத்தானே வாங்கினோம்! 15,000ஐ 8.5ஆல் பிரித்தால் கிலோ கிட்டத்தட்ட 1,765. 250 கிராம் 441 ரூபா. 75 ரூபா என்று நினைத்த மிச்சம் 9 ரூபாவாகிவிட்டது. அந்த 9 ரூபாவுக்குள்தான் மில் கூலி, பக்கற், லேபிள், விறகு, கடைக்குக் கொண்டுபோகும் பெற்றோல் எல்லாம் அடங்க வேண்டும்.

இதற்கு மென்பொருள் ஒன்றும் தேவையில்லை, ஒரு சீஆர் கொப்பி போதும். ஒவ்வொரு முறையும் மூன்று நிறை எழுதுங்கள்: வாங்கியது, வறுத்து ஆறியது, அரைத்து அரித்தது. நடுவிலுள்ள எண்ணை எழுத எல்லோருக்கும் பஞ்சி. உண்மையில் அதுதான் முக்கியம். கடைசியில் கைக்கு வரும் தூள் குறைந்தால் எங்கே குறைந்தது என்று அது காட்டும். வறுத்த நிறையே குறைவு என்றால் ஈரச் செத்தலை உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள், மாரி காலத்தில் இது சாதாரணம். வறுத்த நிறை சரியாக இருந்து தூள் குறைந்தால் மில்லைக் கவனியுங்கள். இந்த எண் இல்லாமல் மில்காரரோடு சண்டை பிடித்து உறவைக் கெடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

அப்புறம் தராசு. ஐந்தைந்து கிராமாக மட்டுமே காட்டும் தராசில் 250 கிராம் அடைக்கும்போது, குறையக்கூடாதே என்ற நல்ல மனதில் கை தாராளமாகத்தான் போகும். பக்கற்றுக்கு 5 கிராம் கூடினால் ஆயிரம் பக்கற்றில் 5 கிலோ. மேலே சொன்ன விலையில் அது 8,800 ரூபாவுக்கு மேல். ஒரு கிராம் காட்டும் தராசின் விலையை அந்தக் காசோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கூலிக்கு வருவோம். "வீட்டு ஆட்கள்தானே" என்பார்கள். அம்மா காம்பு கிள்ளுகிறார், மகள் லேபிள் ஒட்டுகிறாள், கணக்கில் பூச்சியம். கொழும்பிலிருந்தோ கனடாவிலிருந்தோ பெரிய ஓடர் வரும்வரை இது ஓடும். வந்ததும் இரண்டு பேரைச் சம்பளத்துக்கு எடுக்க வேண்டும், விலையோ ஏற்கெனவே பேசியாயிற்று. ஒருவரை 40,000 ரூபாவுக்கு எடுத்தால் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் என்று இன்னும் 6,000 முதலாளியின் கையிலிருந்து போகும். ஒரே ஓர் ஊழியர் இருந்தாலும் இது கட்ட வேண்டியது. ஆகவே அம்மாவுக்கும் மகளுக்கும் ஊர் விலையில் ஒரு கூலியைக் கணக்கில் போடுங்கள், காசாகக் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் வீட்டு விஷயம்.

மெஷினைப் பற்றிக் கொஞ்சம் கசப்பாகவே சொல்கிறேன். போருக்குப் பிறகு உதவித் திட்டங்களில் அரைக்கும் மெஷின், உலர்த்தி, சீல் வைக்கும் மெஷின் என்று வடக்கில் பலருக்கும் கிடைத்தன. இலவசமாக வந்ததால் அதற்கு யாரும் தேய்மானம் போடவில்லை, அதாவது மெஷினின் விலையை அது உழைக்கும் வருடங்களுக்குப் பிரித்துச் செலவில் சேர்க்கவில்லை. மோட்டர் எரிந்த அன்று மாற்றக் காசு இல்லை. படங்கு மூடி முற்றத்தில் நிற்கும் உலர்த்திகளை எத்தனை வீடுகளில் பார்க்கிறோம்! 8 இலட்சம் ரூபா மெஷின் 8 வருடம் உழைக்கும் என்றால் வருடத்துக்கு ஓர் இலட்சம். வருடத்துக்கு 2,000 கிலோ அரைத்தால் கிலோவுக்கு 50 ரூபா. மெஷினை யார் தந்தாலும் அந்த 50 ரூபாவைப் புறம்பாக ஒரு வங்கிக் கணக்கில் போட்டு வையுங்கள்.

விலைப் பட்டியலில் திகதி எழுதும் பழக்கமும் வேண்டும். 2022 ஓகஸ்ட்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் கூடியது, 2023 பெப்ரவரியில் அதன்மேல் 66 வீதம். பிறகு குறைந்தும் இருக்கிறது. சிலரிடம் இன்னும் பொருளாதார நெருக்கடிக்கு முந்தைய கணக்குத்தான் ஓடுகிறது, மேலே ஒரு நூறு ரூபாவை மட்டும் ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

பனங்கிழங்கில் தொழில் செய்பவர்களுக்கு வேறொரு தலையிடி. கிழங்கு தை, மாசியில் வந்து குவியும். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல், அவிக்காமல் காயவைத்தால் ஒடியல். விற்பனை மட்டும் வருடம் முழுக்க. 5 இலட்சம் ரூபாவைச் சரக்கில் போட்டு அது சராசரியாக ஆறு மாதம் முடங்கினால், 15 வீத வட்டியில் 37,500 ரூபா. கடன் வாங்காமல் சொந்தக் காசைப் போட்டவரும் அந்த வட்டியை இழக்கிறார். இதோடு கடைக்காரர் இரண்டு மாதச் செக் தந்து, விற்காததைத் திருப்பியும் தந்தால், உங்கள் காசில் அவர் கடை நடத்துகிறார் என்று அர்த்தம். உடனே காசு தரும் சின்னக் கடைக்குக் கொஞ்சம் கூடுதல் கழிவு கொடுப்பது பல சமயம் இலாபம்.

கோப்பாய் அக்காவின் கணக்கை முழுவதும் எழுதியபோது மாட்டியது 50 கிராம் பக்கற். தூள் மட்டும் 88 ரூபா. பக்கற்றும் லேபிளும் 10 ரூபா. 250 கிராமுக்கே அது 14 ரூபாதான். அடைத்துச் சீல் வைக்கும் நேரமும் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்று, அதற்குக் கூலி 3 ரூபா. மொத்தம் 101. கடைக்குக் கொடுப்பது 100 ரூபாவுக்கு! மில் கூலியும் விறகும் இன்னும் சேரவில்லை.

"அப்ப உதை நிப்பாட்டவோ?" என்று கேட்டார். எந்தக் கடைகள் அதை எடுக்கின்றன என்று பில் புத்தகத்தைப் பார்த்தோம். 250 கிராம் அதிகம் எடுக்கும் கடைகளேதான்; புதிதாக வாங்குபவர்கள் சின்னதை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் பெரியதுக்குப் போகிறார்களாம். ஆகவே நிறுத்தவில்லை. 250 கிராம் 450லிருந்து 560 ஆனது, 50 கிராம் 125 ஆனது. சின்னதைத் தனியாகக் கேட்கும் கடைக்குக் கொடுப்பதில்லை, பெரிய பக்கற் இரண்டு டசின் எடுத்தால் சின்னது ஒரு டசின். இரண்டு கடைகள் விலகிவிட்டன. அதில் ஒன்று செக் திரும்பிய கடை, அக்கா அதற்குக் கவலைப்படவில்லை.